வெளிநாட்டுக் கைக்கடிகாரமும் வியாபார நேர்மையும்

ஐவேளைத் தொழுகைக்கும் மார்க்கம் நேரத்தை வரையறுத்திருக்கிறது. நோன்பு பிடிப்பதும் துறப்பதும் நேரத்தைப் பார்த்துத்தான். ஆகவே முஸ்லிம் இல்லங்களில் கடிகாரம் வெறும் அலங்காரப் பொருளாக இருந்ததில்லை. முற்காலத்தில் பெரிய பள்ளிவாசல்களில் தொழுகை நேரத்தைக் கணித்துச் சொல்வதற்கென்றே 'முவக்கித்' என்ற பெயரில் ஒருவரை நியமித்திருந்தார்கள். நம் காலத்தில் கைபேசியே மணி காட்டுகிறது, பாங்கும் சொல்கிறது. ஆயினும், சாவி கொடுத்து ஓடும் பழைய கைக்கடிகாரங்களின் மீது நம் இளைஞர்கள் பலருக்கு ஓர் ஆசை பிறந்திருக்கிறது. பாட்டனார் கட்டியிருந்ததைப் போன்ற ஒன்றைத் தாமும் கட்ட விரும்புகிறார்கள்.

இந்த ஆசை ஆகுமானதே. 1969ஆம் ஆண்டு டிசம்பர் 25இல் ஜப்பானின் ஸெய்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, சாவிக் கடிகாரங்களின் மவுசு சிறிது சிறிதாகக் குறைந்தது. நம் நாட்டில் 1961இல் ஜப்பானின் ஸிட்டிஸன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவையும் மூடிவிட 2016இல் மத்திய அரசு முடிவு செய்தது. கிடைப்பது அரிதானதால் தேடுவோர் கூடினர். இன்று போளூரிலோ ஆரணியிலோ இருந்துகொண்டே, இணையத்தின் வழியாக ஜப்பானிலும் இங்கிலாந்திலும் உள்ள விற்பனையாளரிடம் பழைய ஸெய்கோவையும் ஃபேவர் லூபாவையும் விலை பேச முடிகிறது.

விலை பேசுவது எளிதாகிவிட்டது. ஆனால் பொருள் கடல் கடந்து நம் வாசலுக்கு வந்து சேருவதற்குள் பொய்யும் மறைப்பும் நுழைய இடங்கள் பல இருக்கின்றன. அவை எவை, அவற்றில் மார்க்கத்தின் தீர்ப்பு என்ன, நாட்டின் சட்டம் என்ன என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

பார்க்காத பொருளை வாங்கலாமா?

இதில் நம் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில், கண்ணால் பார்க்காத பொருளை விலைக்கு வாங்குவது கூடும். ஆனால் பொருளைப் பார்த்த பின் ஏற்கவோ மறுக்கவோ வாங்குபவருக்கு உரிமை உண்டு. இதற்குக் 'கியாருர் ருஃயத்' என்று பெயர். ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, முன்னில்லாத குறிப்பிட்ட ஒரு பொருளைப் பார்க்காமல் வாங்குவது செல்லாது. புகைப்படத்தையும் விவரத்தையும் பார்ப்பது எந்த அளவுக்குப் பார்த்ததாகும் என்பதை அந்த மத்ஹபினர் தங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

எந்த மத்ஹபினராயினும் பேணுதலான வழி ஒன்றே. பொருள் சொன்னபடி இல்லாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கும் விற்பனையாளரிடமே வாங்க வேண்டும். திருப்பி அனுப்பும் கூலி யாரைச் சேர்ந்தது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். கட்டிய சுங்கத் தீர்வை, பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்பதனால் தானாக நம் கைக்குத் திரும்பி வந்துவிடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

குறையை மறைத்து விற்பது

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவரைத் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று அவர்கள் எச்சரித்த செய்தியை முஸ்லிம் கிரந்தத்தில் காண்கிறோம்.

ஆரணிப் பட்டின் பக்கத்தில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது அசல் ஜரிகை. செம்புக் கம்பியில் செய்த போலி ஜரிகையும் அதே மினுமினுப்பைக் காட்டும். போலி ஜரிகைச் சேலையைப் போலி என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்பது ஆகுமான வியாபாரம். அசல் என்று சொல்லி விற்பது மோசடி. சேலை ஒன்றுதான், சொல்லும் சொல்லில்தான் ஹலாலும் ஹராமும் பிரிகின்றன.

பழைய கடிகாரத்திலும் இதே நிலைதான். மங்கிப்போன டயலுக்குப் புதிதாக வர்ணம் பூசி எழுத்தைப் பதித்துவிடுவார்கள். ஒரு கடிகாரத்தின் மெஷினையும் இன்னொன்றின் முள்ளையும் வேறொன்றின் கேஸையும் சேர்த்து ஒன்றாக்கிவிடுவார்கள். இதில் வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. இவ்வாறு டயலை மாற்றிப் பூசிய கடிகாரங்கள் நம் நாட்டிலிருந்து ஏராளமாக வெளிநாடுகளுக்கு விற்கப்பட்டதால், உலகெங்கும் பழைய கடிகாரம் சேகரிப்போரிடையே அவற்றுக்கு மும்பையின் பெயரை வைத்தே ஒரு கேலிப் பெயர் நிலைத்துவிட்டது. ஆகவே வெளிநாட்டாரின் ஏமாற்றை மட்டும் பேசி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் சகோதரர்களில் எவரேனும் கடிகாரம் பழுது பார்க்கும் தொழிலில் இருந்து இவற்றை விற்பாராயின், டயல் புதிதாகப் பூசப்பட்டது, இன்ன பாகம் மாற்றப்பட்டது என்று எழுதிவிட்டு விற்கட்டும். விலை குறையும், பரக்கத் குறையாது. வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிக்கப்பட்டுவிடும் என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் நபிமொழி வந்திருக்கிறது.

மறைக்கப்பட்ட குறை பின்னால் தெரிய வந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை மார்க்கத்தில் உண்டு. இது 'கியாருல் ஐப்'. ஆகவே வாங்குமுன் டயல் அசலா, மெஷின் அதற்குரியதா, எப்போது கழற்றிச் சுத்தம் செய்தார்கள் என்று எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துவது நல்லது. இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். 1960களுக்கு முந்திய கடிகாரங்கள் சிலவற்றில், இருட்டில் ஒளிரும் முள்ளுக்கும் எண்களுக்கும் ரேடியம் கலந்த வர்ணம் பூசியிருப்பார்கள். அத்தகையதை வீட்டில் குழந்தைகள் நடுவே திறந்து சுரண்டுவது உடலுக்குக் கேடு.

ஏலத்தில் கேட்பது

இணையத்தில் பல கடிகாரங்கள் ஏலத்தில் விடப்படுகின்றன. ஏலம் விடுவது கூடும். உதவி கேட்டு வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரின் விரிப்பையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்களே ஏலத்தில் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் கேட்க, இன்னொருவர் இரண்டு திர்ஹம் கொடுத்து வாங்கினார். ஆனால் வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிவிடுவதற்காகக் கேட்பது 'நஜ்ஷ்'. அது தடுக்கப்பட்டது. விற்பனையாளர் தம் ஆளை வைத்தே விலையை ஏற்றுவதும் இதில் அடங்கும். நண்பரின் கடிகாரத்துக்கு மதிப்புக் கூடட்டும் என்று நாம் ஒரு தொகையைக் கேட்டு வைப்பதும் இதுவே.

பொட்டலத்தின் மேல் எழுதப்படும் பொய்

இப்போது நம் பாடத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் பொட்டலத்தின் மேல் ஒரு சுங்க அறிவிப்புச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது, விலை என்ன, விற்பனைப் பொருளா அன்பளிப்பா என்று அதில் எழுத வேண்டும். நூறு டாலருக்கு வாங்கிய கடிகாரத்துக்குப் 'பத்து டாலர், அன்பளிப்பு' என்று எழுதி அனுப்பும்படி வாங்குபவரே கேட்டுக்கொள்வதுண்டு. விற்பவரே அவ்வாறு செய்து தருவதாக ஆசை காட்டுவதும் உண்டு. எல்லாரும் செய்வதுதானே, இதில் யாருக்கு நஷ்டம் என்று கேட்கிறார்கள்.

முதலாவதாக, அது பொய். விலை கொடுத்து வாங்கியதை அன்பளிப்பு என்பதும், நூறைப் பத்து என்பதும் பொய்யைத் தவிர வேறில்லை. பொய் பேச மார்க்கம் சலுகை காட்டியிருக்கும் இடங்கள் மிகச் சிலவே. பகைத்த இருவரைச் சேர்த்து வைத்தல், போர், கணவன் மனைவியின் இணக்கம் என்று அவற்றை எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். பழைய கடிகாரத்தின் தீர்வையை மிச்சம் பிடிப்பது அந்தப் பட்டியலில் இல்லை. எழுதியது விற்பவரின் கை என்றாலும், எழுதச் சொன்னவருக்கு அந்தப் பாவத்தில் பங்கு உண்டு.

இரண்டாவதாக, அது நமக்கே நஷ்டம். வழியில் பொட்டலம் தொலைந்தால் நஷ்டஈடு பொதுவாக அறிவித்த விலையை மீறிக் கிடைப்பதில்லை. பத்து டாலர் என்று எழுதச் சொன்னவர் நூறு டாலரை எந்த வாயால் கேட்பார்?

மூன்றாவதாக, அந்தப் பொய்யால் ஆகும் பயனும் இல்லை. அன்பளிப்பு என்று காட்டித் தீர்வையின்றிப் பொருளை விடுவிக்கும் வழியை 2019ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் அடைத்துவிட்டது. உயிர்காக்கும் மருந்துகளுக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டுமே விலக்கு. 2023ஆம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையிலும் இவ்விதி தொடர்கிறது. உண்மையான அன்பளிப்பாக இருந்தாலும் முழுத் தீர்வை செலுத்தியே பெற வேண்டும்.

சட்டம் கூறுவது

தீர்வையைக் கணக்கிடும்போது கடிகாரத்தின் விலையோடு அனுப்பும் கூலியையும் காப்பீட்டையும் சேர்த்தே மதிப்பிடுவார்கள். அதற்கு மேல் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.யும் உண்டு. விகிதங்கள் பட்ஜெட் தோறும் மாறக்கூடியவை. ஆகவே வாங்கும் நாளில் சுங்கத்துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பலர் அறியாத செய்தி ஒன்று இருக்கிறது. இயந்திரத் தளவாடங்கள் அல்லாத பிற பழைய பொருட்களின் இறக்குமதி நம் நாட்டின் வர்த்தகக் கொள்கையில் கட்டுப்படுத்தப்பட்ட ஒன்று. அதற்கு முன் அனுமதி தேவை. ஒருவர் கட்டிப் பயன்படுத்திய கைக்கடிகாரமும் பழைய பொருள்தான். தீர்வை கட்டத் தயாராக இருந்தாலும் சுங்கத்தில் நிறுத்தி வைக்கப்படலாம் என்பதை அறிந்தே பணம் அனுப்ப வேண்டும். இதை மறைப்பதற்காகப் பழையதைப் புதியது என்று எழுதச் சொல்வதும் முன்சொன்ன பொய்யின் இன்னொரு வடிவமே.

1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 111ஆம் பிரிவின்படி, விலையையோ விவரத்தையோ தவறாக அறிவித்த பொருள் பறிமுதலுக்கு உள்ளாகும். பறிமுதலுக்குப் பதிலாகத் தண்டத்தொகை கட்டி மீட்க 125ஆம் பிரிவில் இடமுண்டு. தெரிந்தே பொய் அறிவிப்புச் செய்தவருக்குப் பொருளின் மதிப்பைப் போல் ஐந்து மடங்கு வரை அபராதம் விதிக்க 114ஏஏ பிரிவு அதிகாரம் தருகிறது.

அதே சட்டத்தின் 123ஆம் பிரிவு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. குற்றம் சாட்டுபவரே அதை நிரூபிக்க வேண்டும் என்பது பொது நியதி. வாதிடுபவர் மீதே ஆதாரம் கடமை என்பது நம் ஷரீஅத்திலும் அடிப்படை விதி. ஆனால், கடத்தல் பொருள் என்று நியாயமாக நம்பி அதிகாரி கைப்பற்றும் பொருள் தங்கமாகவோ கடிகாரமாகவோ இருந்தால், அது கடத்தல் பொருள் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருப்பவரையே சாரும் என்று இந்தப் பிரிவு கூறுகிறது. இச்சட்டம் வந்த காலத்தில் தங்கமும் கைக்கடிகாரமும் கடத்தல்காரர்கள் விரும்பிய சரக்குகளாக இருந்தன. அந்தக் காலம் போய்விட்டது, ஆனால் 'கடிகாரம்' என்ற சொல் அந்தப் பிரிவில் இன்றும் இருக்கிறது. ஆகவே விலைச்சீட்டு, பணம் செலுத்திய சான்று, தீர்வை ரசீது மூன்றையும் கடிகாரத்தோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி திருக்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தில் நமக்குக் கற்றுத் தந்திருப்பதன் பயன் இத்தகைய வேளையில் விளங்கும்.

'கையில் கட்டிக்கொண்டு வா'

தபால் வேண்டாம் என்று இன்னொரு வழியை நாடுவோரும் உண்டு. துபாயிலோ குவைத்திலோ வேலை செய்யும் சகோதரருக்குப் பணம் அனுப்பிக் கடிகாரத்தை அங்கேயே வாங்கச் சொல்வார்கள். "பெட்டியில் வைக்காதே, கையில் கட்டிக்கொண்டு வந்துவிடு, கேட்டால் உன்னுடையது என்று சொல்" என்றும் சொல்லிக் கொடுப்பார்கள்.

பயணி தாம் பயன்படுத்தும் சொந்தப் பொருட்களைக் கொண்டுவரலாம். தீர்வையில்லாமல் கொண்டுவரக்கூடிய அளவையும் அரசு நிர்ணயித்திருக்கிறது. அந்த அளவுக்கு மேற்பட்டதைச் சிவப்பு வழியில் சென்று அறிவித்துத் தீர்வை கட்டிவிட்டால் தொல்லையில்லை. பிறருடைய பொருளைத் தம்முடையது என்று சொல்லிப் பச்சை வழியில் நுழைவதுதான் தவறு. விலை உயர்ந்த கடிகாரத்தோடு இங்கிருந்து புறப்படுபவர், போகும்போதே விமான நிலையச் சுங்கத்தில் அதற்குச் சான்று பெற்றுக்கொண்டால் திரும்பும்போது கேள்விக்கு இடமிராது.

ஊர் திரும்பும் அந்தச் சகோதரரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரண்டாண்டு உழைத்துவிட்டு, பெற்றோரையும் பிள்ளைகளையும் பார்க்கும் ஆவலோடு மீனம்பாக்கத்தில் வந்து இறங்குகிறார். வெளியே குடும்பத்தினர் வேன் பிடித்து வந்து காத்திருக்கிறார்கள். உள்ளே அவரோ, தமக்குச் சொந்தமல்லாத ஒரு கடிகாரத்துக்காக அதிகாரி முன் தலை குனிந்து நிற்கிறார். பொய் சொன்னால் பாவம், உண்மை சொன்னால் அபராதம். நம் சிறு ஆசைக்காக இன்னொரு முஸ்லிமை இந்த இக்கட்டில் நிறுத்த நமக்கு என்ன உரிமை இருக்கிறது? தீர்வையில் மிச்சமாகும் தொகைக்கு அவருடைய மானம் ஈடாகுமா?

தீர்வை கொடுப்பது அவசியமா?

அநியாயமாகச் சுங்கம் வசூலிப்போரைக் கண்டிக்கும் ஹதீஸ்கள் இருக்கின்றனவே, ஆகவே சுங்கத்தை ஏய்த்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியிலேயே எல்லை கடந்து சரக்குக் கொண்டுவரும் வணிகர்களிடம் 'உஷூர்' என்னும் தீர்வை வசூலிக்கப்பட்டது. இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்கள் 'கிதாபுல் கராஜ்' என்ற நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். நியாயமான தீர்வை எது, அநியாயமானது எது என்பதில் இக்கால ஆலிம்களிடையே ஆய்வுகள் உண்டு. ஆனால் நம் மஸ்அலாவுக்கு அந்த ஆய்வு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏனெனில் நாம் இங்கே தீர்வையைப் பற்றி மட்டும் பேசவில்லை. பொய்ச் சீட்டு, பொய் வாக்குமூலம், வாக்கை மீறுதல் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறோம். ஒரு நாட்டின் குடிமக்களாக அதன் பாதுகாப்பையும் கடவுச்சீட்டையும் பெற்று வாழும் நாம், அதன் சட்டங்களை மதிப்பதாக உடன்பட்டிருக்கிறோம். உடன்படிக்கைகளை நிறைவேற்றுவது மூமின்களுக்கு இடப்பட்ட கட்டளை. தீர்வை அதிகம் என்று தோன்றினால் வாங்காமல் இருந்துவிடலாம், கடிகாரம் வாங்கியே தீர வேண்டும் என்ற நிர்ப்பந்தம் எவருக்கும் இல்லை.

மஸ்அலா: நாம் கேட்காமலேயே விற்பவர் விலையைக் குறைத்து எழுதி அனுப்பிவிட்டால்?

வாங்கும்போதே, உண்மை விலையை எழுதி விலைச்சீட்டை உள்ளே வைக்கும்படி சொல்லிவிட வேண்டும். அப்படியும் அவர் மாற்றி எழுதிவிட்டால், கூரியர் நிறுவனமோ சுங்கமோ அடையாளச் சான்றும் விலைச்சீட்டும் கேட்கும்போது உண்மையானதைக் கொடுத்துவிட வேண்டும். அவர் எழுதிய பொய்யை நாமும் ஒப்புக்கொண்டால் அது நம் பொய்யாகிவிடும்.

தங்கமும் தோலும்

பட்டும் தங்கமும் இந்த உம்மத்தின் ஆண்களுக்கு ஹராம், பெண்களுக்கு ஹலால். ஆகவே தங்கத்தாலான கடிகாரத்தை ஆண்கள் கட்டக் கூடாது. பழைய கடிகாரத்தின் பின்மூடியில் 750 என்ற முத்திரை 18 காரட்டையும், 585 என்பது 14 காரட்டையும் குறிக்கும். நெருப்பில் காட்டினால் தனியே பிரிந்து வராத மெல்லிய முலாமுக்கு ஃபிக்ஹு நூல்களில் இடம் தந்திருக்கிறார்கள். ரோல்டு கோல்டு அதைவிடத் தடிப்பானது. சந்தேகமானதை விட்டு எஃகுக் கடிகாரத்தை வாங்குவது பேணுதல்.

வாரையும் பார்க்க வேண்டும். பன்றித் தோல் பதனிட்டாலும் தூய்மையாகாது. முதலைத் தோல் வாருக்கு அருகிவரும் உயிரினங்கள் பற்றிய சர்வதேச விதிகளின்படி தனி அனுமதி தேவை. வாரில்லாமல் அனுப்பச் சொல்லி, இங்கே ஒரு வார் போட்டுக்கொள்வது இரண்டு தொல்லைகளையும் தீர்க்கும்.

வட்டியோடு தவணை கட்டும் கடன் அட்டையில் வாங்கக் கூடாது என்பதையும், விற்பதற்கென்றே கடிகாரங்களை வாங்கி வைத்திருப்பவருக்கு அவை வியாபாரச் சரக்கு, ஜகாத்துக்கு உரியவை என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

பெண்களும் முதியோரும் கவனிக்க

"உங்கள் பெயருக்கு வெளிநாட்டுப் பொட்டலம் வந்திருக்கிறது, சுங்கத்தில் பிடித்து வைத்திருக்கிறோம், உடனே பணம் கட்டாவிட்டால் கைது செய்வோம்" என்று தொலைபேசியில் மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டம் பெருகியிருக்கிறது. சுங்கத்துறை எவருடைய சொந்த வங்கிக் கணக்கிலும் பணம் கட்டச் சொல்லாது. 2019 நவம்பர் முதல் அத்துறையின் கடிதங்களில் ஓர் ஆவண அடையாள எண் இருக்கும். அது மெய்யானதா என்பதைத் துறையின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். வீட்டில் ஒருவர் கடிகாரம் வரவழைத்திருந்தால் மற்றவர்களிடமும் சொல்லி வைக்கட்டும். உண்மையில் ஒரு பொட்டலத்தை எதிர்பார்த்திருக்கும் வீடுதான் இந்த மிரட்டலுக்கு எளிதில் ஏமாறும்.

முடிவாக

திருப்பி அனுப்பும் உரிமையோடு வாங்குங்கள். குறைகளை எழுத்தில் கேளுங்கள். உண்மை விலையை எழுதச் சொல்லுங்கள். ரசீதுகளைப் பாதுகாத்து வையுங்கள். இவற்றுக்கெல்லாம் மனம் ஒப்பாவிட்டால் நம் நாட்டிலேயே ரசீதோடு விற்கும் பழைய எச்.எம்.டி. ஒன்றை வாங்கிக் கட்டுங்கள். அதுவும் தொழுகை நேரத்தைச் சரியாகவே காட்டும்.

கடிகாரத்தைப் பார்த்துத் தொழுகைக்கு விரைகிறோம். அந்தக் கடிகாரமே ஒரு பொய்யின் மீது நம் கைக்கு வந்ததாக இருந்துவிடக் கூடாது. ஆயுளை எதில் கழித்தாய், பொருளை எவ்வழியில் ஈட்டி எவ்வழியில் செலவிட்டாய் என்று மறுமையில் கேட்கப்படும் நாளில், நேரத்துக்கும் பணத்துக்கும் சேர்த்தே நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கொடுக்கல் வாங்கலில் உண்மையையும், கிடைத்ததில் பரக்கத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.